இருசம்மாள் தூங்கிய பாத்திரம்

இருசம்மாளின் உயரம் நாலே முக்கால் அடி. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். துவாக்குடிக்கு வேலைக்கு வந்த பிறகு அந்தக் குறைதான் அவளுக்குச் சோறு போட்டது.

திருச்சிப் பக்கம் பாய்லரும் டேங்கும் செய்கிற கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பால் பண்ணைக்கு, மருந்துக் கம்பெனிக்கு, எண்ணெய் ஆலைக்கு என்று எதைச் செய்தாலும், வெல்டிங் முடிந்த பிறகு ஓர் ஆள் உள்ளே போய் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். பஃபிங் என்பார்கள். உள்ளே போகிற வாய் ஒன்றரை அடிதான் இருக்கும். தொந்தி வைத்த ஆம்பளைகளுக்குத் தலை போனால் தோள் மாட்டிக்கொள்ளும். இருசம்மாள் சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, தகட்டைத் தேய்க்கிற கை கிரைண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரசரவென்று உள்ளே போய்விடுவாள். பதினாலு வருஷமாக அந்தக் கம்பெனியிலிருந்து போன ஒவ்வொரு பாத்திரத்தின் உள்வயிறும் அவள் கைபட்டதுதான். சும்மா சொல்லக் கூடாது, அவள் தேய்த்த தகட்டைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

போன சித்திரையில் செய்த பாத்திரம், வெஸல் என்பார்கள், அது மட்டும் வேறு தினுசாக இருந்தது. படுக்கை வாட்டில் ஒரு நீள உருளை. ஒரு பக்கம் முழுசாகத் திறக்கிற கனத்த கதவு. உடம்பைக் குறுக்கி நெளிய வேண்டாம், ஜம்மென்று உள்ளே போகலாம். உள்ளே ஓட்டை போட்ட நீளத் தட்டு ஒன்று உருளைச் சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடியது.

"என்னண்ணே இது, இம்மாம்பெரிய இட்லித் தட்டு?" என்று வீரமலையைக் கேட்டாள்.

"தெர்மல் ப்ராசஸ் வெஸல்னு டிராயிங்ல போட்டிருக்கு தங்கச்சி. வெளிநாட்டு ஆர்டர். ஆஸ்பத்திரிச் சாமான் எதையாவது வேக வெச்சுக் கழுவுறதா இருக்கும். நமக்கென்ன?" என்றார் அவர்.

வீரமலை அங்கே தலைமை வெல்டர். கைலாசபுரத்துப் பெரிய ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது. அவர் போட்ட வெல்டிங் மிஷினில் தைத்த தையல் மாதிரி இருக்கும். வெல்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நம்பர். தான் இணைத்த ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் அந்த நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். நாளைக்கு எங்காவது பிளந்துகொண்டால் இன்னார் செய்தது என்று தெரிய வேண்டுமல்லவா? வீரமலையின் நம்பர் நாற்பத்தொன்று. பஃபிங் செய்கிறவளுக்கு நம்பர் கிடையாது.

ஏழு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவர் வீட்டுத் தயிர்சாதம் இவள் கிண்ணத்துக்கு வரும், இவள் வைத்த கருவாட்டுக் குழம்பு அவர் மூடிக்குப் போகும். வீட்டில் கருவாடு கூடாது என்று அவர் மனைவி சொல்லியிருந்ததால் அந்த மனுஷன் இங்கே வந்து கிண்ணத்தை வழித்து நக்குவார். "அண்ணி கிட்ட சொல்லிடுவேன்" என்று இருசம்மாள் மிரட்டுவாள்.

தகரக் கொட்டகையில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று கேட்கவா வேண்டும்? மத்தியானம் ஒரு மணிக்கு மேல் உள்ளே நின்றால் மண்டை வெடிக்கும். ஆனால் அந்த வெஸலுக்குள் புகை இழுக்க ப்ளோயர் வைத்திருந்தார்கள், ஸ்டீலும் சில்லென்று இருந்தது. மூன்றாம் நாளே இருசம்மாள் ஒரு காரியம் செய்தாள். சாப்பிட்டதும் உள்ளே போய், அந்தத் தட்டில் ஒரு சாக்கை விரித்து, காலை நீட்டிப் படுத்தாள். ஆகா! தலைக்கும் இடமிருந்தது, காலுக்கும் இடமிருந்தது, ஆளுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அப்புறம் மூன்று வாரம் தினமும் அரைமணி நேரம் அங்கேதான் தூக்கம். "ஏசி ரூம்ல மேடம் ரெஸ்ட் எடுக்கிறாங்க" என்று கிரேன் ஓட்டுகிற கலீல் கிண்டல் செய்வான்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். வெஸலின் வெளிப்பக்கம் யாரோ சாவியால் டங் டங்கென்று தட்டினார்கள். உள்ளே இருக்கிறவளுக்கு அது காதுக்குள் மணி அடித்தது போல இருந்தது.

"இருசம்மா, வெளிய வா." வீரமலையின் குரல். "உடனே வா. எதையும் தொடாத, எழுந்து வா."

பாம்பு ஏதாவது புகுந்துவிட்டதோ என்று அலறியடித்துக்கொண்டு வந்தாள். வெளியே வீரமலை ஒரு கையகலத் தகட்டைப் பிடித்தபடி நின்றார். வெஸலின் மேல் ஒட்டுகிற பெயர்ப் பலகை. எழுத்து வெட்டுகிற கடையிலிருந்து அப்போதுதான் பார்சலில் வந்திருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணே?"

"மனுச உடம்புன்னு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல. அதிகபட்சம் நூத்தி எம்பது கிலோ. மேனேஜரைக் கேட்டுட்டேன். செத்த உடம்பு, இருசம்மா. பொணத்தை உள்ள வெச்சு மூடி, மருந்துத் தண்ணியை ஊத்திக் கொதிக்க வெச்சு அப்படியே கரைக்கிறதாம். எரிக்கிறதுக்குப் பதிலா."

இருசம்மாளுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. திரும்பி வெஸலைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தட்டில் அவள் விரித்த சாக்கு, தலை வைத்த இடம் குழிந்தபடி அப்படியே கிடந்தது. அதற்கப்புறம்தான் ஏறியது. அடக் கொடுமையே! அளவெடுத்தது போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாளே, அது அளவெடுத்ததுதான். மூன்று வாரம் பிணத்துக்கு விரித்த படுக்கையில் வாய் பிளந்து தூங்கியிருக்கிறாள். கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டது, தோளைத் தொட்டது, சேலையை உதறியது. குழாயடிக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டது அத்தனையையும் வாந்தி எடுத்தாள்.

சேதி ஐந்து நிமிஷத்தில் கொட்டகை முழுக்கப் பரவியது. மிஷின் எல்லாம் நின்றது. ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெஸலைக் கும்பிட்டான். இன்னொருவன் எலுமிச்சம்பழம் வாங்க ஓடினான். மேனேஜர் சரவணன் ஆபீஸ் அறையிலிருந்து வந்து, "ஏங்க, புது ஸ்டீலுங்க! இன்னும் ஒரு உடம்பும் உள்ள போகலை. வெறும் பாத்திரம். இதுக்குப் போயி..." என்று கையைப் பிசைந்தார். யார் கேட்டார்கள்? நாலு மணிக்கே பாதிப் பேர் தலைமுழுகப் போய்விட்டார்கள்.

இருசம்மாளும் போனாள். ஆனால் அவளுக்குள் நடந்தது வேறு. மற்றவர்களுக்கு அது பிணப் பயம். அவளுக்கு அந்த வேலை பழைய பகையாளி.

கொள்ளிடக்கரையில் ஓர் ஊர். அங்கே அவள் அப்பா நல்லதம்பி வெட்டியான். வேண்டும் என்று எடுத்துக்கொண்ட வேலை இல்லை. அந்த ஊரில் அவர்கள் தெருவில் பிறந்தவன் செய்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இழவு சொல்லப் போக வேண்டும், விறகு அடுக்க வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போன பிறகு தனியாக நின்று எரித்து முடிக்க வேண்டும். இருசம்மாளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது ஒரு கோடையில் பம்புசெட்டுக்காரர் ஒருவரின் தாயார் இறந்துபோனார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அம்மாளை எரித்தது நல்லதம்பிதான். கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடந்தது. உடம்பெல்லாம் சாம்பலும் நிணப்புகையுமாக அவர் மகளைக் கூட்டிக்கொண்டு, குடத்தோடு அந்தப் பம்புசெட்டு வரப்புக்கு வெளியே போய் நின்றார். "ஐயா, ரெண்டு கொடம் தண்ணி விடுங்க. மேலுக்கு ஊத்திக்கிட்டுப் போயிடுறேன்." பம்புசெட்டுக்காரர் மொட்டை அடித்த தலையோடு அங்கேதான் குளித்துக்கொண்டிருந்தார். போய் மோட்டாரை நிறுத்தினார்.

அன்றைக்கு நல்லதம்பி குளிக்காமல் வீட்டுக்கு வெளியே வெறும் மண்ணில் படுத்தார். இருசம்மாள் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். இந்த வேலை என் வீட்டில் இனி யாரும் செய்யக் கூடாது என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான். அதற்காகத்தான் கல்யாணம் ஆனதும் புருஷனை இழுத்துக்கொண்டு துவாக்குடிக்கு வந்தாள். அதற்காகத்தான் மகனுக்குப் பீமராவ் என்று பெயர் வைத்து, புருஷன் போன பிறகும் ஒற்றை ஆளாக நின்று லா காலேஜ் வரை படிக்க வைத்தாள். இத்தனை தூரம் ஓடிவந்த பிறகு அந்த வேலை பளபளவென்று ஸ்டீல் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்கிறது! அன்றைக்குக் குளித்தும் குளித்தும் அவளுக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை காலை போனபோது வீரமலை கிரைண்டரோடு வெஸல் பக்கத்தில் குந்தியிருந்தார். என்ன செய்கிறார் என்று பார்த்தாள். தன் நாற்பத்தொன்றை ஒவ்வொரு இடமாகத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எவன் எவன் பொணமோ இதுல வேகும். எம் பேரு எதுக்கு அதுல?" என்று முணுமுணுத்தார்.

சரவணன் தலையில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை சாயங்காலம் கண்டெய்னர் வருகிறது. அதற்குள் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும். வடிகால் குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் மங்கலாக இருக்கிறது, மறுபடி பஃப் செய்யுங்கள் என்று அவர் ஏற்கெனவே எழுதிவிட்டுப் போயிருந்தார். ஒரு சாண் இடம்தான். ஆனால் யாராவது உள்ளே போக வேண்டுமே! சரவணன் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவனுக்கு மூச்சுத் திணறல், ஒருவன் வீட்டில் மாலை போட்டிருக்கிறார்கள், ஒருவன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். இருசம்மாள் ஒரு தூணோரம் நின்றிருந்தாள். அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் வீரமலை பேசினார். சத்தமாகக்கூட இல்லை, உதவி செய்கிற தோரணையில் சாதாரணமாகச் சொன்னார்.

"எதுக்கு சார் ஊரெல்லாம் கெஞ்சுறீங்க? நம்ம இருசம்மா இருக்கா இல்ல. அவ அப்பனே சுடுகாட்டுல பொணம் எரிச்சவன்தான். அதுங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார். சொன்னா செய்யும்."

இருசம்மாளுக்குக் காது அடைத்துப்போனது. அதுங்களுக்கு. செய்யும். நேற்று வரை தங்கச்சி! நேற்று வரை கிண்ணத்தை வழித்து நக்கின வாய்! அந்தக் கம்பெனியில் அவள் அப்பாவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் இந்த மனுஷன்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்தபோது, சுடுகாட்டுப் பாதையில் விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் வழி மறித்துவிட்டார்கள். ஊர்ப் பிணத்தை எல்லாம் எரித்தவரின் பிணத்தை இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். லீவு முடிந்து வந்த அன்றைக்கு அடக்க மாட்டாமல் அதை அவள் சொன்னது இவர் ஒருவரிடம்தான். கேட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

கொட்டகையில் அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. பதினாலு வருஷமாகப் பார்த்த முகங்கள், இப்போது புதுசாகப் பார்த்தன. சரவணன் மட்டும் தரையைப் பார்த்தார். பார்த்தபடியே, "திங்கக்கிழமை காலைல சொல்லும்மா" என்றார். நீதான் உள்ளே போக வேண்டும் என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியாதா?

வீட்டில் பீமராவ் கேட்டுவிட்டுக் குதித்தான். "நாளைக்கே வேலையை விடும்மா! கம்ப்ளெய்ண்ட் எழுதிடலாம், நான் எழுதுறேன்."

"எழுதலாம்டா. ஆனா நான் இப்ப விட்டுட்டு ஓடினா, பொணத்து வேலைன்னதும் அவ ஓடிட்டாம்பாங்க. உள்ள போனா, அதுங்க வேலைதானே செஞ்சுதும்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான்." என்றாள் அவள். "அது என்ன பாத்திரம்னே எனக்கு முழுசாத் தெரியலை. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கிறேன்."

டிராயிங் போட்டது சுபஸ்ரீ. கம்பெனியில் டிசைன் இன்ஜினியர், இருபத்தெட்டு வயசுப் பெண், ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவள். தெரியாமல் போட்டிருக்க முடியாது. வெள்ளிக்கிழமை சேதி பரவியதுமே அவள் லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருசம்மாள் துவாக்குடியில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். உத்திர வீதியில் விசாரித்துக் கதவைத் தட்டினாள். நெற்றியில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் திறந்தார்.

"சுபா, ஒன்னைத் தேடிண்டு கம்பெனிலேந்து வந்திருக்கா பார். ஏம்மா, அந்த ஆஸ்பத்திரி மிஷின் முடிஞ்சுதா? மூணு மாசமா அதுக்குத்தான் கண் முழிச்சுண்டு டிராயிங் போட்டா."

சுபஸ்ரீ உள்ளேயிருந்து வந்தவள் இருசம்மாளைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள். கண்ணாலேயே கெஞ்சினாள். "அப்பா, நாங்க அம்மா மண்டபம் வரைக்கும் போயிட்டு வந்துடறோம்" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவளை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள்.

"அப்பாக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா ஆத்துக்குள்ளயே விட மாட்டா. யாருமே செய்ய வரமாட்டாளேன்னுதான் கம்பெனிலயும் சொல்லலை. நீங்க அதுக்குள்ள படுத்துண்டு தூங்கறேள்னு எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். சத்தியமா." அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இருசம்மாளுக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போல ஆத்திரம் வந்தது. அடக்கிக்கொண்டாள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்தார்கள். காவிரியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது. பக்கத்தில் ஒரு குடும்பம் சிவப்புத் துணி கட்டிய சின்னக் கலயத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. உள்ள என்ன நடக்கும்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சுபஸ்ரீ சொன்னாள். உடம்பைப் பட்டுத் துணியிலோ கம்பளியிலோ சுற்றித் தட்டில் வைப்பார்கள். கதவை மூடி வெந்நீர் விடுவார்கள், அதில் சோப்புக்குப் போடுகிற காரம் கலந்திருக்கும். நெருப்பு இல்லை, புகை இல்லை. சில மணி நேரத்தில் சதையெல்லாம் கரைந்து தண்ணீரோடு தண்ணீராகிவிடும். எலும்பு மட்டும் வெள்ளைவெளேர் என்று மிஞ்சும். அதைக் காயவைத்துப் பொடியாக்கி வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். மண்ணில் தானாக நடப்பதுதான், இங்கே வேகமாக நடக்கிறது. சில நாடுகளில் சட்டமே அனுமதித்திருக்கிறது.

"அந்தத் தண்ணி?"

சுபஸ்ரீ தயங்கினாள். "சுத்தம் பண்ணி... சாக்கடைலதான்கா போகும்."

"அட பாவிகளா!" இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பெத்த தாயைக் கரைச்சுச் சாக்கடையிலயா விடுவாங்க?"

"அவாளுக்கு நாம கட்டையை அடுக்கி எரிக்கிறோம்னா அதுதான் கொடூரமா இருக்கும்" என்றாள் சுபஸ்ரீ மெதுவாக. "எனக்கும் முதல்ல ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை."

பக்கத்தில் அந்தக் குடும்பத்தார் கலயத்தைக் கவிழ்த்தார்கள். எலும்புத் துண்டுகள் தண்ணீரில் விழுந்தன. இருசம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளே எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"ஒரு பொணத்துக்கு எத்தனை தண்ணி ஆகும்?"

"முன்னூறு லிட்டருக்கு மேல ஆகும்கா."

"முன்னூறு லிட்டரு. வெந்நீரு." இருசம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கூட நிக்கிறவனுக்கு?"

"யாருக்கு?"

"அதை ஓட்டுறவனுக்கு. அங்கயும் யாராச்சும் ஒருத்தன் நிக்கணும்ல? அவனை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"டெக்னீஷியன். பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதிட்டு வர்றவா. யார் வேணா வரலாம். யூனிஃபார்ம் உண்டு." சுபஸ்ரீ செல்போனை எடுத்து ஒரு டிராயிங்கைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இதோ வெஸல். இது குடும்பத்தார் உட்கார்ற இடம். இது டெக்னீஷியன் ரூம். இந்தச் சின்னக் கட்டம் இருக்கு பாருங்கோ, அவருக்கு ஷவர். வேலை முடிஞ்சதும் குளிச்சுட்டுத்தான் கிளம்பணும். அது இல்லைன்னா அங்க லைசென்ஸே கிடையாது."

இருசம்மாள் போனை வாங்கிப் பார்த்தாள். விரல்நகம் அளவுக்கு ஒரு சதுரம். அதற்குள் தண்ணீர் தெளிப்பது போல நாலு கோடு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் படம் புரிந்தது. எங்கோ ஒரு நாட்டில், பிணத்தோடு நிற்கிறவனுக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று காகிதத்தில் எழுதி, கையெழுத்து போட்டு, சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்! வெள்ளிக்கிழமை வெஸலுக்கு வெளியே நின்றபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. படித்துறையில் அத்தனை பேர் நடுவில், காலிக் குடத்தோடு உட்கார்ந்த ஒன்பது வயசுப் பெண்ணைப் போல ஓவென்று அழுதாள். சுபஸ்ரீக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தோளில் வைத்த கையை அழுது முடியும்வரை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இருசம்மாள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகை நடுவில் வந்து நின்றாள். சரவணன் ஓடிவந்தார்.

"செய்யறியாம்மா? ரொம்பப் புண்ணியமாப் போகும்."

"சார், பஃபிங் பண்றவ வேணும்னா நான் உள்ள போறேன். பதினாலு வருஷமா அதான் என் வேலை. வெட்டியான் மகள் வேணும்னா இங்க யாரும் இல்லை. எது வேணும்னு இத்தனை பேர் முன்னாடி நீங்க சொல்லுங்க."

சரவணனுக்கு வியர்த்தது. "பஃபிங்தான்மா. உன் கைவேலை மாதிரி யாருக்கு வரும்?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "சனிக்கிழமை நான் வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கக் கூடாது. தப்புதான்" என்றார்.

"சரிங்க சார். இன்னும் ஒண்ணு. இதைச் செஞ்சவங்க எல்லாரும் செஞ்சோம்னு ஒத்துக்கணும்." அவள் வீரமலை பக்கம் திரும்பினாள். "உங்க நம்பரை அடிங்கண்ணே. அதுக்கப்புறம்தான் நான் உள்ள போவேன்."

"இருசம்மா, நான் ஏதோ ஒரு பேச்சுக்கு..."

"நீங்க ஒட்டின பாத்திரம். நான் தேய்ச்ச பாத்திரம். பொணம் படுக்கப் போறதுன்னதும் உங்க பேரு மட்டும் அழிஞ்சிடும், நான் மட்டும் அதுக்குச் சொந்தக்காரியா? அடிங்க."

"நம்பர் இல்லாம இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ண மாட்டாரு வீரமலை" என்றார் சரவணன்.

வீரமலை சுற்றிலும் பார்த்தார். எவனும் அவருக்காக வாய் திறக்கவில்லை. நம்பர் அச்சை எடுத்து வைத்துச் சுத்தியலை ஓங்கினார். முதல் அடி வழுக்கியது. நாற்பது வருஷமாகத் தவறாத கை! இரண்டாவது அடியில் நாலு விழுந்தது, அப்புறம் ஒன்று விழுந்தது. அழித்த ஒவ்வொரு இடத்திலும் அவர் குனிந்து அடித்து முடிக்கிற வரைக்கும் இருசம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு கிரைண்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். தட்டை வெளியே இழுத்துவிட்டு, வடிகால் வாயருகே மண்டி போட்டாள். யாரோ ஒரு தாய், யாரோ ஒரு தகப்பன் இந்த வழியாகத்தான் கரைந்து போகப் போகிறார்கள். போகிற வழி மங்கலாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. முக்கால் மணி நேரம் தேய்த்தாள். கடைசியில் துணியால் துடைத்தபோது அந்த ஒரு சாண் இடத்தில் அவள் முகம் அப்படியே தெரிந்தது.

வெளியே வந்தவள் நேராகச் சரவணனிடம் கை நீட்டினாள். "ஆபீஸ் பாத்ரூம் சாவி குடுங்க சார்."

அது ஆபீஸ் ஆட்களுக்கான குளியலறை. ஷவர், கீசர் எல்லாம் உண்டு. கொட்டகை ஆட்கள் யாரும் உள்ளே போனதில்லை. கொட்டகைக்காரர்களுக்கு வெளியே இருக்கிற ஒற்றைக் குழாய்தான், அதில் கைதான் கழுவலாம். சரவணன் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் சாவியைக் கொடுத்தார்.

இருசம்மாள் தாழ் போட்டுக்கொண்டு ஷவரைத் திறந்தாள். வெந்நீர் தலையில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டாள். சாம்பலும் புகையுமாக ஒரு மனுஷன் வரப்புக்கு வெளியே நிற்கிறார். "குளிப்பா" என்றாள் வாய்விட்டு. "யாரும் நிறுத்த மாட்டாங்க. நல்லாக் குளி." எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. வெளியே யாரும் கதவைத் தட்டவில்லை.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் வீரமலை தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். மறுபடி வெஸலைத் தொட்டுவிட்டாரே, தலைமுழுகாமல் அந்த மனுஷன் எப்படி வீட்டுக்குப் போவார்? வெளிக்குழாயில் குளிக்க வழியில்லை. அவள் கையிலிருந்த சாவியையே பார்த்தார். கேட்க வாய் வரவில்லை, ஒதுங்கவும் கால் வரவில்லை. வரப்புக்கு வெளியே நிற்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று இருசம்மாளுக்குத் தெரியும். அப்படியே நின்றார்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"போய்க் குளிங்கண்ணே. தண்ணி மிச்சம் வெச்சிருக்கேன்."